நியூயார்க்கில் ஹனுக்கா: எந்த விளக்கேற்றலுக்குப் போகலாம்?

மகளின் தோழி வீட்டில் யூதர்கள். அவர்களுடைய எட்டு நாள் விளக்குத் திருவிழாவான ஹனுக்கா 2026இல் டிசம்பர் 4 மாலை தொடங்குகிறது. பொது விளக்கேற்றலுக்கு எங்களையும் கூப்பிட்டுவிட்டு, இடத்தை நீங்களே சொல்லுங்கள் என்கிறார்கள்.

மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூ, 59வது தெருவில் ஒரு கிராண்ட் ஆர்மி பிளாசா. புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க் வாசலில் அதே பெயரில் இன்னொன்று. இரண்டிலும் பிரம்மாண்ட மெனோரா (ஹனுக்காவுக்கு ஏற்றும் கிளை விளக்கு) வைக்கிறார்கள். உலகிலேயே பெரியது எங்களுடையதுதான் என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்வது தனிக்கதை! கிரேன் கூடையில் ஏறிப் போய்த்தான் விளக்கேற்றுகிறார்கள். மகளுக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டுமாம்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளி மாலை தொடங்கும் யூத ஓய்வுநாளான சபாத்துக்கு முன்பே ஏற்றியாக வேண்டும், சூரியனோ நாலரைக்கே மறைந்துவிடும். பள்ளி விட்டு ஓடினாலும் கஷ்டம். அதனால் ஞாயிறு மாலை பார்க்கிறோம்.

குழந்தை வண்டியோடு போனவர்கள் சொல்லுங்கள்: எங்கே நெரிசல் குறைவு? குளிரில் மாமியார் சற்று உட்கார இடம் இருக்குமா? ஹனுக்காவுக்குப் பொரிக்கும் உருளைக்கிழங்கு அடையான லாட்கே சூடாகக் கிடைக்குமா?

அப்புறம், தோழி வீட்டார் கோஷர் (யூத உணவு விதிகள்) கண்டிப்பாகப் பார்ப்பவர்கள். வீட்டு அதிரசம் எடுத்துப் போக முடியாது. கோஷர் முத்திரை உள்ள முந்திரி பாக்கெட் போதுமா? இல்லை, ஜாம் வைத்த டோனட்டான சுஃப்கானியோத் நன்றாகச் செய்யும் கோஷர் பேக்கரி குயின்ஸ் பக்கம் யாருக்காவது தெரியுமா?