வயசான காலத்தில் போன் நல்லதா, கெடுதலா?

கயல்:
அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ரிட்டயர் ஆனதிலிருந்து கையில் போன்தான். இந்த வயதில் திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் மறதி சீக்கிரம் வந்துவிடும், வாங்கி வைத்துவிடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. காலையில் பழைய சிநேகிதர்களோடு வீடியோ காலில் பேசி முடித்தால் அன்றைக்கு முழுக்க அவர் உற்சாகமாக இருக்கிறார். மதியத்துக்கு மேல் ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது என்று ஓடிக்கொண்டே இருப்பதும் உண்மை. மூளைக்கு இது நிஜமாகவே கெடுதலா?

மாறன்:
தயவுசெய்து வாங்கி வைக்காதீர்கள். 2025-ல் பெஞ்ச், ஸ்கல்லின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களைப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர், போன், இணையம் பழகியவர்களுக்கு அறிவாற்றல் குறையும் ஆபத்து 58 சதவீதம் குறைவாகத் தெரிந்தது, படிப்பு, வசதி, உடல்நலம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு மறையவில்லை. அதற்காக, போன் மறதியைத் தடுக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் விடாமல் பயன்படுத்துகிறார்கள் என்றும் இருக்கலாம் இல்லையா? ஆனால் போனால் மறதி வரும் என்ற பயத்துக்கு இதில் ஆதாரம் இல்லை.

தேன்மொழி:
மாறன் சொல்வது சரி. அப்புறம், போனில் என்ன செய்கிறார் என்பதையும் பாருங்கள். அமெரிக்காவில் டெனிஸ் பார்க் குழுவினர் முதியவர்களுக்கு மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், டிஜிட்டல் கேமராவில் படம் எடுக்கவும் கம்ப்யூட்டரில் அதைத் திருத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். நினைவாற்றல் கூடியது. புதிதாக எதையும் கற்காமல் கூடிப் பேசிப் பழகியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. கொஞ்சம் கஷ்டப்பட்டுக் கற்பதில்தான் விஷயம் இருக்கிறது. மூளைப் பயிற்சி ஆப் என்று பணம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள். மறதியைத் தள்ளிப்போடும் என்கிற மாதிரி விளம்பரம் செய்ததற்காக லூமோசிட்டி நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. மதிய வீடியோ நேரத்தில் பாதியைப் படம் எடுக்கவோ பழைய நினைவுகளைக் குரல் வழியாகத் தட்டச்சு செய்யவோ திருப்பிவிட முடியுமா பாருங்கள்.

இளங்கோ:
கற்றுக்கொடுக்கும்போது போனை அவர் கையிலேயே விடுங்கள். நாம் வாங்கி நாலு தட்டு தட்டிக் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் பதியாது. என் அம்மா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, எனக்கு இதெல்லாம் வராதுப்பா என்று ஒதுங்கியே விட்டார். பார்த்தால், விரல் நுனி காய்ந்து போயிருந்ததால் திரை தொடுகையை உணரவில்லை. இன்னும் அழுத்தினால் அதை நீண்ட தொடுகையாக எடுத்துக்கொண்டு வேறு ஏதோ திறந்துவிடும். கையில் கொஞ்சம் கிரீம் தடவி, செட்டிங்கில் தொடுகை நேரத்தைக் கூட்டி, எழுத்தைப் பெரிதாக்கியதும் பிரச்சினை தீர்ந்தது. காது மந்தமாக இருந்தால் வீடியோ காலையும் மெல்ல விட்டுவிடுவார்கள், அதையும் கவனியுங்கள்.

இன்னொன்று, ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதோடு, ஏமாந்தாலும் திட்ட மாட்டோம், உடனே சொல்லுங்கள் என்றும் இப்போதே அப்பாவிடம் சொல்லி வையுங்கள். திட்டுக்குப் பயந்து மறைக்கிற அந்த நேரத்தில்தான் பணம் கைமாறிப் போய்விடுகிறது.