தண்டனை முடிந்தவருக்கு ஓட்டு மட்டும் கிடைத்தால் போதுமா?

கேள்வி: அமெரிக்காவில் சிறை சென்று வந்தவர்களின் உரிமை என்றாலே எல்லோரும் ஓட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். போராட்டம், சங்கம், கூட்டம் இதெல்லாம் அரசியல் இல்லையா? அதற்கும் தடை உண்டா?

பதில்: நிறையவே உண்டு. பரோலில், அதாவது தண்டனைக் காலம் முடியுமுன்பே நிபந்தனையோடும் கண்காணிப்போடும் வெளியே விடப்பட்டு, இருப்பவர் அனுமதியில்லாமல் மாநில எல்லையைத் தாண்ட முடியாது, குற்றப் பின்னணி உள்ளவர்களோடு பழகக் கூடாது என்ற நிபந்தனையும் பல இடங்களில் இருக்கிறது, அப்புறம் அதே கஷ்டம் பட்டவர்கள் எப்படி ஒன்றுசேர்வார்கள்? ஊர்வலத்தில் கைதானால், வழக்கு நிற்காவிட்டாலும், அதையே நிபந்தனை மீறலாக்கித் திரும்ப உள்ளே அனுப்ப வழியிருக்கிறது. இந்தப் பயத்தோடு யார் தெருவில் இறங்குவார்?

இன்னொருவர் பதில்: சிறைக்குள் இன்னும் மோசம். கைதிகள் சங்கத்துக்கு ஆள் சேர்ப்பதையும் கூட்டம் போடுவதையும் நிர்வாகம் தடுக்கலாம் என்று 1977-ல் வட கரோலினா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வெளியே வந்தபின் ஜூரியில், அதாவது வழக்கில் தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரவும் பல மாநிலங்களில் ஆயுளுக்கும் தடை.

மூன்றாமவர் பதில்: சரி, ஆனால் ஓட்டைச் சின்ன விஷயமாக்காதீர்கள். ஃபுளோரிடாவில் 2018-ல் மக்களே வாக்களித்து அந்த உரிமையைப் பெரும்பாலானோருக்கு மீட்டுக் கொடுத்தார்கள். அடுத்த வருடமே, அபராதமும் கட்டணமும் பாக்கியில்லாமல் கட்டினால்தான் ஓட்டு என்று சட்டம் போட்டார்கள். அந்த உரிமைக்கான இயக்கத்தை முன்னின்று நடத்திய டெஸ்மண்ட் மீடுக்கே அந்த 2018 வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது.