விலங்கு ஆசீர்வாத வழிபாட்டுக்கு மன்றாட்டு எழுத உதவுங்கள்

அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிஸ் திருநாளன்று எங்கள் பங்கில் செல்லப் பிராணிகளை ஆசீர்வதிக்கும் வழிபாடு வைக்கிறோம். பாடல் பயிற்சியைப் பாடகர் குழு பார்த்துக்கொள்கிறது. மன்றாட்டு எழுதுவது என் பொறுப்பு.

எங்கள் பூனை செல்லி போன வருடம் இறந்துவிட்டாள். குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாலே அம்மா மடியில் வந்து சுருண்டுகொள்வாள், ஆடும் ஜெபமாலையை முன்னங்காலால் மெல்லத் தட்டுவாள். அம்மா இப்போதும் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறார். அவரைப் போல இழந்தவர்களுக்காகவும் ஒரு மன்றாட்டு வேண்டும். எப்படி எழுதலாம்? திருப்பாடல் 148 வாசகமாகப் பொருந்துமா?

அப்புறம், பீட அலங்காரத்தில் லில்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பதிலுக்கு என்ன பூ வைக்கலாம்?