ஐஸ் பெட்டி விற்பனைக்கு: நான்கு வரியில் ஓர் ஆங்கில விளம்பரம்

வாட்ஸ்அப் குழு: எங்கள் தெரு மாலை ஆங்கில வகுப்பு, பாம்பன்

டீச்சர் (மாலை 6.40):
அனைவருக்கும் வணக்கம். இந்த வாரம் கட்டுரையும் வேண்டாம், விடுப்புக் கடிதமும் வேண்டாம். உங்கள் வீட்டில் உண்மையாகவே விற்க வேண்டிய, அல்லது வாடகைக்கு விட வேண்டிய ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆங்கிலத்தில் வரி விளம்பரம், அதாவது நாளிதழில் வருவது போன்ற சிறு விளம்பரம், நான்கு வரிக்கு மிகாமல் எழுதுங்கள். நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, இங்கே அதைத் தமிழ் எழுத்தில் பதிவிடுங்கள். ஆங்கில எழுத்து இன்னும் கைவராத அக்காமாரும் வாசித்துக் கூடவே வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. எழுத்துப் பிழைகளை வகுப்பில் நோட்டைப் பார்த்துத் திருத்துகிறேன்.

படகு அண்ணன் (6.58):
டீச்சர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன. எங்களிடம் கூடுதலாக இருக்கும் ஓர் ஐஸ் பெட்டியை விற்றுவிடலாம் என்று நினைக்கிறோம். நான் எழுதியது இது: "டியர் சார், ஐ ஹேவ் எ வெரி நைஸ் ஐஸ் பாக்ஸ். ஐ வான்ட் டு செல் இட் பிகாஸ் வீ ஆர் நாட் ஃபிஷிங் நவ். இட் இஸ் வெரி யூஸ்ஃபுல். ப்ளீஸ் பை இட் அண்ட் ஹெல்ப் மீ."

டீச்சர் (7.05):
தம்பி, நான்கு வாக்கியமும் இலக்கணப்படி சரியாக வந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் இதைப் படித்து முடித்த பிறகும் பெட்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கரையில் ஒருவர் உங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு அருகில் வந்து நின்றால் உங்களிடம் என்னென்ன கேட்பார் என்று யோசியுங்கள். எத்தனை லிட்டர் கொள்ளும், வாங்கி எத்தனை வருடம் ஆகிறது, மூடி இறுக்கமாக உட்காருகிறதா, எங்கேனும் உடைசல் இருக்கிறதா, என்ன விலை, எப்போது வந்து பார்க்கலாம் என்பவைதானே அவருடைய கேள்விகள்? ஒவ்வொன்றுக்கும் முழு வாக்கியத்தில் பதில் எழுதி அனுப்புங்கள். சுருக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படகு அண்ணன் (7.21):
"தி பாக்ஸ் ஹோல்ட்ஸ் டூ ஹண்ட்ரட் லிட்டர்ஸ். இட் இஸ் டூ இயர்ஸ் ஓல்ட். தி லிட் க்ளோசஸ் டைட்லி. தேர் இஸ் எ ஸ்மால் கிராக் ஆன் ஒன் ஹேண்டில். தி ப்ரைஸ் இஸ் த்ரீ தவுசண்ட் ருபீஸ். இட் இஸ் இன் பாம்பன். யூ கேன் கால் மீ ஆஃப்டர் ஃபோர் பி.எம்." விரிசலைப் பற்றிய வாக்கியத்தை எடுத்துவிடலாமா, டீச்சர்? அதைப் படித்தால் யாரும் கூப்பிடாமல் போய்விடுவார்களோ என்று தோன்றுகிறது.

டீச்சர் (7.30):
எடுக்கவே கூடாது, தம்பி. உச்சிப்புளியிலிருந்து வண்டி பிடித்துப் பாலம் தாண்டி வருகிறவர், இங்கே வந்த பிறகு விரிசலைப் பார்த்தால், உங்கள் மற்ற சொற்களையும் நம்பமாட்டார். கைப்பிடியில் மட்டும்தான் விரிசல் என்று நீங்களே எழுதிவிட்டால், பெட்டியின் உடம்பு நன்றாக இருக்கிறது என்பது சொல்லாமலே அவருக்குப் புரியும்.

இப்போது சுருக்குவோம். "இட் இஸ்", "தேர் இஸ்", "யூ கேன்", "தி", "எ" ஆகிய எல்லாவற்றையும் நோட்டில் அடித்துவிட்டு, மிஞ்சியதைச் சேர்த்துப் படியுங்கள்: "ஐஸ் பாக்ஸ் ஃபார் சேல். டூ ஹண்ட்ரட் லிட்டர்ஸ், டூ இயர்ஸ் ஓல்ட், டைட் லிட். ஸ்மால் கிராக் ஆன் ஒன் ஹேண்டில். ருபீஸ் த்ரீ தவுசண்ட். பாம்பன். கால் ஆஃப்டர் ஃபோர் பி.எம்." "தி லிட் க்ளோசஸ் டைட்லி" என்ற முழு வாக்கியம் "டைட் லிட்" என்று இரண்டே சொல்லாகச் சுருங்கியதைக் கவனியுங்கள். வினை போய், பொருளும் அதன் தன்மையும் மட்டும் நிற்கின்றன. வரி விளம்பரத்தின் வேலை முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

கல்லூரித் தம்பி (7.38):
டீச்சர், ஒரு சந்தேகம். தேர்வில் "இஸ்" விட்டாலும் "தி" விட்டாலும் மதிப்பெண் குறைக்கிறார்கள். இங்கே அவற்றை விடச் சொல்கிறீர்கள். அப்படியானால் முதலிலிருந்தே இப்படி எழுதிப் பழகினால் என்ன?

டீச்சர் (7.52):
நல்ல கேள்வி, தம்பி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. முழு வாக்கியம் எழுதத் தெரிந்தவர் சுருக்குவதும், எழுதத் தெரியாதவர் பாதியில் நிறுத்துவதும் பார்ப்பதற்கு ஒன்று போலத் தெரிந்தாலும், முதலாமவருக்கு எது விழலாம், எது விழக்கூடாது என்பது தெரியும். "கால் ஆஃப்டர் ஃபோர்" என்பதில் "ஆஃப்டர்" விழுந்தால் நேரமே மாறிப்போகும். "லைட் நாட் ஒர்க்கிங்" என்பதில் "நாட்" விழுந்தால் பொய் சொன்னதாகிவிடும். பெயரும் எண்ணும் தன்மைச்சொல்லும், இடத்தையும் நேரத்தையும் காட்டும் சிறு சொற்களும், எதிர்மறையும் நிற்க வேண்டும், மற்றவை போகலாம். ஆகையால் நோட்டின் இடப்பக்கத்தில் முழு வாக்கியங்களும் வலப்பக்கத்தில் விளம்பரமும் இருக்க வேண்டும். இடப்பக்கம் காலியாக இருந்தால் வலப்பக்கத்தை நான் திருத்தமாட்டேன்.

தபால் மாமா (8.04):
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், டீச்சரம்மா. இந்தச் சுருக்கம் வந்ததே காசுக் கணக்கினால்தான் என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். நாளிதழ்கள் வரிக்கு இவ்வளவு, சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியதால், விளம்பரம் கொடுப்பவர்கள் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணி எழுதினார்கள். லண்டன் டைம்ஸ் இதழின் முதல் பக்கத்தில் 1966 மே 3 அன்றுதான் செய்தி ஏறியது. அதற்கு முன்பு அந்தப் பக்கம் வரி விளம்பரங்களுக்கே உரியதாக இருந்தது. நம் தந்தியும் அப்படித்தான். 2013 ஜூலையில் அந்தச் சேவை நிறுத்தப்படும் வரை, தந்திப் படிவத்தில் சொல்லை எண்ணாமல் எழுதியவர் எவரும் இல்லை.

டீச்சர் (8.10):
மிக்க நன்றி, மாமா. இப்போது கைப்பேசியில் விளம்பரம் போடக் காசு தேவைப்படுவதில்லை என்றாலும், படிப்பவரின் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே போகிறது. முதல் இரண்டு சொல்லில் பொருளின் பெயர் இல்லாவிட்டால் அவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

கல்லூரித் தம்பி (8.14):
பயிற்சிப் புத்தகத்தில் விலைக்குப் பக்கத்தில் "ஓ.என்.ஓ." என்றும், இன்னோரிடத்தில் "வி.ஜி.சி." என்றும் இருக்கின்றன. இவற்றையும் எழுதலாமா?

டீச்சர் (8.17):
முதலாவது, இந்த விலை அல்லது இதற்கு நெருங்கிய விலை. இரண்டாவது, மிக நல்ல நிலையில் உள்ளது. இரண்டும் பிரிட்டனில் வழங்குபவை. படித்தால் புரிந்துகொள்ளும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பேரம் உண்டு என்று சொல்ல "நெகோஷியபிள்" போதும். அது எல்லாருக்கும் தெரிந்த சொல்.

ராமேஸ்வரம் அக்கா (8.31):
டீச்சர், மாடியில் உள்ள அறையை யாத்திரை வருகிறவர்களுக்கு விடுகிறோம். அதற்காக எழுதினேன்: "சூப்பர் ரூம் நியர் டெம்பிள். பெஸ்ட் ஃபெசிலிட்டீஸ். எய்ட் ஹண்ட்ரட் ஒன்லி."

டீச்சர் (8.45):
அக்கா, பெயரை முன்னே வைத்திருக்கிறீர்கள், சுருக்கமும் கைவந்திருக்கிறது. ஆனால் "சூப்பர்", "பெஸ்ட்" என்ற இரண்டும் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. "நியர்" என்பதும் அப்படியே. ராமேஸ்வரத்தில் கோயிலுக்கு அருகில் என்று எழுதாத விடுதி எது? உங்கள் வாசலிலிருந்து அக்னி தீர்த்தக் கரைக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்று எழுதுங்கள். எண்ணூறு ரூபாய் ஒரு நாளுக்கா, ஓர் ஆளுக்கா என்பதும் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். குஜராத்திலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருகிறவர்களுக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. நாம் தடுமாறுவது போலவே அவர்களும் தடுமாறித்தான் படிக்கிறார்கள். "ஃபெசிலிட்டீஸ்" என்று பெரிய சொல்லைப் போடுவதைவிட, "ஃபேன், அட்டாச்டு பாத்ரூம், ஹாட் வாட்டர்" என்று இருப்பதைச் சொன்னால் இரு தரப்புக்கும் எளிது.

ராமேஸ்வரம் அக்கா (9.02):
திருத்திவிட்டேன்: "ரூம் ஃபார் ரென்ட், ராமேஸ்வரம். ஃபர்ஸ்ட் ஃப்ளோர், டூ பெட்ஸ், ஃபேன், அட்டாச்டு பாத்ரூம். ஹாட் வாட்டர் மார்னிங் ஒன்லி. செவன் மினிட்ஸ் வாக் டு அக்னி தீர்த்தம். ருபீஸ் எய்ட் ஹண்ட்ரட் பெர் டே, டூ பெர்சன்ஸ்." வெந்நீர் காலையில் மட்டும்தான் என்பதையும் எழுதிவிட்டேன், சரிதானே?

டீச்சர் (9.06):
மிகச் சரி, அக்கா. இதில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

விளம்பரம் வெளியான பிறகு வரும் அழைப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பணம் அனுப்புகிறேன், க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்று யாராவது ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினால், உடனே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். யு.பி.ஐ.யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

நாளைக்கு இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் விளம்பரம் கொடுத்தவராகவும் மற்றவர் தொலைபேசியில் கேட்பவராகவும் பேசிப் பழகுவோம். "இஸ் இட் ஸ்டில் அவைலபிள்?", "வாட் இஸ் தி லாஸ்ட் ப்ரைஸ்?" என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும். தபால் மாமா வருவதாக இருந்தால், ஐஸ் பெட்டிக்கு அவரே முதலில் பேரம் பேசட்டும்.

தபால் மாமா (9.11):
கட்டாயம் வருகிறேன், டீச்சரம்மா. இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து தொடங்குகிறேன்.