பச்சோந்திக் கூண்டில் காரும் பனியும்: ‘பொழுதாக்க’மா, ‘பொழுதமைப்’பா?

1. சங்காட் சாலாக், சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம்.

வளர்ப்புப் பச்சோந்திகளுக்கான தமிழ்க் கையேட்டில் ஒளியும் ஈரமும் பற்றிய பகுதி ஒரு சொல்லுக்காக நிற்கிறது. விலங்கின் பூர்வீக மண்ணில் பகல் எப்போது நீள்கிறது, மழை எப்போது பெய்கிறது, எப்போது ஓய்கிறது என்று பார்த்து, அதே வரிசையைக் கூண்டுக்குள் விளக்காலும் நீராலும் ஆண்டு முழுவதும் நடத்தும் வேலைக்கு என்ன பெயர் வைக்கலாம்? வரைவில் சில இடங்களில் ‘செயற்கைப் பருவச் சுழற்சி’ என்றும் சில இடங்களில் ‘ஈரமூட்டல்’ என்றும் இருக்கிறது. முதலாவது நீளம். அட்டவணைத் தலைப்பில் அடங்கவில்லை. இரண்டாவது ஆபத்து.

ஏன் ஆபத்து என்பதற்குப் பொருளைச் சொல்லியாக வேண்டும். பேந்தர் பச்சோந்தி மடகாஸ்கரின் வடக்கு, கிழக்குக் கரைகளில் வாழ்வது. அங்குள்ள நோசி பே தீவு தெற்கே 13 பாகையில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே பகல் ஏறக்குறைய 12 மணி 54 நிமிடம். ஜூனில் 11 மணி 20 நிமிடம். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெக்கையும் மழையும். மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்து குளிர்ச்சி. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம் சுங்கை சிப்புட் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைக்குள் இருப்பதால் நம் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் அரைமணி நேரந்தான் வேறுபாடு. சன்னலோரம் கூண்டை வைத்து அப்படியே விட்டால் அந்த விலங்குக்கு ஆண்டு முழுவதும் ஒரே மாதம்.

ஈரத்தில் சிக்கல் வேறு மாதிரி. இங்கே இரவில் காற்றின் ஈரப்பதம் தானாகவே 90 விழுக்காட்டைத் தாண்டும். மதியம் 60ஐ ஒட்டி இறங்கும். ‘ஈரமூட்டல்’ என்ற தலைப்பைப் படிப்பவர் மூடுபனி விடும் கருவியை வாங்கி இரவெல்லாம் ஓடவிடுவார். கையேடு அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

2. சுங்கை சிப்புட் நகரிலிருந்து

தம்பிக்கு வணக்கம்.

‘பருவம்’ வேண்டாம் என்பது என் முதல் கருத்து. பள்ளியில் அது தவணை. வீட்டில் அது பெண் பிள்ளை வயதுக்கு வருவது. ‘பருவமாக்கல்’ என்றால் பழுக்க வைப்பது போல ஒலிக்கும். ‘பருவப் பாவனை’யும் சரிவராது: தமிழ்நாட்டார் பாவனையைப் போலச்செய்தல் என்று படிப்பார்கள், இலங்கையிலிருந்து வந்த நூல்களைப் படித்துப் பழகியவர்கள் பயன்பாடு என்று படிப்பார்கள். ‘ஒளிவட்டம், ஈரவட்டம்’ என்று இணையாக வைக்கலாமா என்று பார்த்தேன். ஒளிவட்டம் சாமி படத்தில் தலைக்குப் பின்னால் இருப்பது. தாவரவியலார் ‘ஒளிக்காலம்’ என்று வைத்திருக்கிறார்கள். அது பகலின் நீளத்துக்கு மட்டும் உரியது, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு அதில் இடமில்லை.

நம்மிடம் ‘பொழுது’ இருக்கிறது. தொல்காப்பிய மரபில் ஆண்டைப் பகுத்தால் பெரும்பொழுது, நாளைப் பகுத்தால் சிறுபொழுது. வெளிச்சமும் தட்பவெப்பமும் நீரும் மூன்றும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. காலை, மாலை, யாமம் என்ற சிறுபொழுது கூண்டின் தினசரி வேலை; கார், கூதிர், பனி, வேனில் என்ற பெரும்பொழுது மாதக் கணக்கு. ‘பொழுதாக்கம்’ என்று முன்மொழிகிறேன். ஒலிபெருக்கியில் சொன்னாலும் பிழையாகக் கேட்காது.

இன்னொன்று: இங்குள்ளவர்கள் வேலியில் தலையாட்டும் ஓணானையே பச்சோந்தி என்பார்கள், மலாயில் செசும்பா. மலேசியக் காட்டில் உண்மையான பச்சோந்தி கிடையாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஓணானைப் பிடித்து இந்தக் கையேட்டின்படி வளர்க்கப் பார்ப்பார்கள்.

3. சுங்கை சிப்புட், தாமான் குடியிருப்பிலிருந்து

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். மின்வேலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் அதன்கீழ் வரும் அட்டவணை கடிகாரத்தோடு பொருந்த வேண்டும். மலேசிய நேரம் 1982லிருந்து உலக நேரத்துக்கு 8 மணி முன்னால் ஓடுகிறது. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு. விளக்கு நேரத்தை 1.15ஐ நடுவாக வைத்து இருபுறமும் சமமாகப் பிரிக்க வேண்டும். நெடும்பகல் என்றால் காலை 6.48 முதல் மாலை 7.42 வரை. குறும்பகல் என்றால் 7.35 முதல் 6.55 வரை. மின்னணு டைமரில் இதை நிமிடக் கணக்கில் போடலாம். பல்லைத் தள்ளும் சுற்று டைமரில் ஒரு பல் 15 நிமிடம். அதற்கு ஒரு வழி: டிசம்பரில் 6.45 – 7.45 என்று தொடங்கி, ஒரு மாதம் காலையில் ஒரு பல்லைக் குறையுங்கள், அடுத்த மாதம் மாலையில் ஒரு பல். ஆறு மாதத்தில் 7.30 – 7.00க்கு வந்துவிடும். பிறகு அதே வழியில் திரும்புங்கள். ஒரே நாளில் ஒன்றரை மணி நேரத்தை வெட்டுவது பருவம் ஆகாது.

சுற்று டைமரின் குறை, கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். மாலை இடிமழையில் 40 நிமிடம் கரண்ட் இல்லையென்றால் அன்றிலிருந்து கூண்டின் பொழுது 40 நிமிடம் பின்தங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். உள்ளே பேட்டரி உள்ள டைமர் வாங்குங்கள். சொந்தமாகக் கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர்கள் டிஎஸ்3231 கடிகாரச் சில்லும் நாணய பேட்டரியும் வைத்தால் போதும். ஈரமானி எஸ்எச்டி31 நல்லது. மலிவான டிஎச்டி22 எப்போதும் நனைந்த காற்றிலேயே இருந்தால் நாளடைவில் தவறான அளவு காட்டத் தொடங்கும்.

பகலைக் குறைப்பதில் பலர் தவறுவது இங்கேதான்: கூண்டு விளக்கு 6.55க்கு அணைகிறது, ஆனால் ஜூனில் நம் சூரியன் 7.30 வரை இருக்கிறது, அதன்பிறகு ஹாலில் குழல் விளக்கு 11 மணி வரை எரிகிறது. விலங்குக்கு அது குறும்பகலே அல்ல. கனத்த திரைச்சீலை வேண்டும், அல்லது இரவில் விளக்கு போடாத அறை வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் பாதுகாப்பையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். கம்பி பிளக்குக்கு வருமுன் ஒருமுறை கீழே தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் கட்டை தரையில் கிடக்கக் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குத் துண்டிக்கும் சுவிட்ச் வீட்டில் வேலை செய்கிறதா என்று சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும்.

‘பொழுதாக்கம்’ எனக்குச் சம்மதமே.

4. கோலகங்சார், விலங்கு மருத்துவப் பக்கத்திலிருந்து

ஐயா, மன்னிக்கவும், ‘ஆக்கம்’ எனக்கு உறுத்துகிறது.

தம்பி ‘ஈரமூட்டல்’ வேண்டாம் என்று சொன்ன அதே காரணம் ‘ஆக்க’த்துக்கும் பொருந்தும். மின்னாக்கம், உரமாக்கம், உருவாக்கம், எல்லாம் இல்லாததைக் கொண்டுவருவது. நம் ஊரில் பச்சோந்தி வளர்ப்பவரின் வேலையில் பெரும்பாதி கழிப்பது. இரவின் வெப்பத்தைக் கழிக்க வேண்டும், பகலின் ஈரத்தைக் கழிக்க வேண்டும், அறையின் வெளிச்சத்தைக் கழிக்க வேண்டும்.

மூடுபனி குளிர்ந்த காற்றில்தான் நல்லது. 20 டிகிரியை ஒட்டி இறங்கும் இரவில் அதைச் சுவாசித்து விலங்கு உடல்நீரைக் காத்துக்கொள்கிறது. ஏர்கோன் (குளிர்சாதனம்) இல்லாத தாமான் வீட்டில் இரவு 25 டிகிரி. வெக்கையும் ஈரமும் காற்றோட்டமில்லாத கூண்டில் தங்கினால் மூச்சுக்குழாய், நுரையீரல் தொற்று வரும். வாயைத் திறந்தபடி தலையை மேலே தூக்கி வைத்திருப்பது, மூச்சில் ‘டிக் டிக்’ என்ற ஒலி, மூக்கில் குமிழி, இவை தெரிந்தால் நாள் கடத்தக் கூடாது. அதே கருவி ஏர்கோன் அறையில் தேவைப்படுகிறது. 20 – 21 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது ஏர்கோன் காற்றிலிருந்து நீரையும் இழுத்துவிடும், ஈரப்பதம் 55க்கு வந்துவிடும். அங்கே நள்ளிரவுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம் மூடுபனி விடலாம். ஒரே ஊர், ஒரே விலங்கு, இரண்டு வீட்டில் எதிரெதிர் வேலை. இரண்டையும் தாங்கும் சொல்லாக வேண்டும்.

காய வைப்பதைக் கையேட்டில் விரிவாக எழுதுங்கள், அதில்தான் இங்கே விலங்குகள் சாகின்றன. கண்ணாடித் தொட்டி கூடாது. 60க்கு 60 செ.மீ. அகலம், 120 உயரமுள்ள வலைக் கூண்டு. கூண்டுக்குள் நீர்ச்சாரல் அடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லையென்றால் சாரலைக் குறைக்கும் முன் காற்றோட்டத்தைப் பாருங்கள்: கணினிக்குள் இருக்கும் 12 செ.மீ. மின்விசிறியை வலைக்கு வெளியே, மேல்பக்கம், காற்றை வெளியே இழுக்கும்படி மாட்டலாம். விலங்கின் மேல் நேராக வீசக் கூடாது. விலங்கு விளக்கடியில் வெயில்காயும் கிளையில் 30 டிகிரி போதும். இங்கே 25 வாட் விளக்கே சில வீடுகளில் அதிகம். யூவிபி (புறஊதா) குழல் விளக்கு அந்தக் கிளையில் புறஊதாச் சுட்டெண் 3 காட்ட வேண்டும், கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் ஒன்றும் வராது.

வழிந்த நீர் பிடிக்கும் வாளியை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழெட்டு நாள் போதும், சுகாதார அதிகாரிகள் வந்தால் அபராதமும் உண்டு. தோட்டத்துப் புல்லில் பிடித்த வெட்டுக்கிளியைப் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செம்பனை அடியில் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள் என்று பூச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

5. தானா ராத்தா, கேமரன் மலை

அக்கா சொன்னது இங்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது. கென்யா, தான்சானியா மலைகளைச் சேர்ந்த ஜாக்சன் பச்சோந்திக்கு எங்கள் இரவே போதும், 16 – 17 டிகிரிக்கு அதுவாகவே இறங்கும். நாங்கள் எதையும் ‘ஆக்க’வில்லை, சன்னலைத் திறந்து வைக்கிறோம். ‘பொழுதமைப்பு’ என்று வைத்தால் என்ன? அமைப்பதில் கூட்டலும் உண்டு கழித்தலும் உண்டு, உள்ளதை விட்டுவைப்பதும் உண்டு.

6. சுங்கை சிப்புட் நகரிலிருந்து

‘பொழுதாக்க’த்தைத் திரும்பப் பெறுகிறேன். ‘பொழுதமைப்பு’ என்றே இருக்கட்டும். வினையாகப் ‘பொழுதமை’, ‘பொழுதமைத்தல்’ என்று வரும். நாளுக்குச் ‘சிறுபொழுதமைப்பு’, ஆண்டுக்குப் ‘பெரும்பொழுதமைப்பு’. நேர அட்டவணை என்று யாரும் குழம்பாதிருக்க முதல் வரியில் ஒளி, வெப்பம், நீர் மூன்றையும் குறித்துவிட்டால் போதும்.

வரைவில் ‘மழைக்காலம், வறட்சிக்காலம்’ என்று இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழைக்காலத்தைக் ‘கார்ப்பொழுது’ என்னலாம். அங்கே மழையும் வெக்கையும் சேர்ந்தே வருவதால் வெப்பம் குறைய வேண்டியதில்லை என்று அடியில் குறித்துவிடுங்கள். ‘வறட்சி’ தவறு. தமிழில் மழையில்லாத காலம் என்றதும் வேனில்தான் நினைவுக்கு வரும். படிப்பவர் வெயில்காயும் விளக்கைக் கூட்டி நீரை நிறுத்துவார். மடகாஸ்கரின் மழையற்ற மாதங்கள் குளிர்ந்தவை. மழை ஓய்ந்தாலும் விடியலில் இலையில் நீர் நிற்கிறது. மழை இல்லை, குளிர் உண்டு, காலையில் ஈரம் உண்டு: அது நம் முன்பனியும் பின்பனியும். ‘பனிப்பொழுது’ என்று எழுதுங்கள். அந்தப் பெயரைப் பார்ப்பவர் காலை நீரை நிறுத்த மாட்டார்.

7. சங்காட் சாலாக், சுங்கை சிப்புட்

ஐயா, ‘பனிப்பொழுது’ எழுதிய உடனே அட்டவணை தானாகத் திருந்தியது. பச்சோந்தி கிண்ணத்து நீரைக் கண்டுகொள்ளாது, இலையில் உருளும் துளியைத்தான் குடிக்கும். வறட்சி என்று எழுதியிருந்த கட்டத்தில் சாரலே இல்லாமல் இருந்தது. இப்போது இப்படி:

கார்ப்பொழுது, டிசம்பர் உச்சம். விளக்கு காலை 6.45 – மாலை 7.45. விளக்கு எரியும் முன் சாரல் 3 நிமிடம், பிற்பகல் 3 மணிக்கு 1 நிமிடம், விளக்கு அணைந்தபின் 2 நிமிடம். இலைகள் மாலைச் சாரலுக்குள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும்; காயாத வீட்டில் பிற்பகல் சாரலைத் தவிர்க்கவும்.

பனிப்பொழுது, ஜூன் உச்சம். விளக்கு காலை 7.30 – மாலை 7.00. விளக்குக்கு முன் சாரல் 2 நிமிடம். பிற்பகலில் சொட்டுக்குழாய் 20 நிமிடம், விநாடிக்கு ஒரு சொட்டு. மாலைச் சாரல் இல்லை. வெயில்காயும் கிளை 28 டிகிரி. ஏர்கோன் இருந்தால் இரவு 20. இல்லாவிட்டால் மூடுபனிக் கருவியைத் தொடவே வேண்டாம்.

இடைப்பட்ட மாதங்களில் மாதம் ஒரு பல் என்ற கணக்கு. ஜூன், ஜூலையில் பேராக்கில் மழை குறைவதால் பனிப்பொழுதை நம் ஊர் வானத்தோடு எதிர்த்து நடத்த வேண்டியிருக்காது. மடகாஸ்கர் நாள்காட்டியை அப்படியே எடுத்துக்கொள்வதில் இது பெரிய வசதி. முனைகளில் சுண்ணாம்பு படியாமல் இருக்கச் சாரல் தொட்டிக்கு ஆர்ஓ நீர் மட்டும்.

மாற்றம் தொடங்கிய மாதங்களில் எச்சத்தின் வெள்ளைப் பகுதியைப் பார்க்கச் சொல்லி ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன்: வெண்மையாக இருந்தால் நீர் போதும், மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறமாகி, கண்களும் குழிந்திருந்தால் காலைச் சாரலை ஒரு நிமிடம் கூட்டுவது. முட்டையிடும் பெண் விலங்குக்குத் தனிப் பத்தி வேண்டும், அதை அக்கா எழுதித் தருவார்களா?

8. கோலகங்சார்

எழுதித் தருகிறேன். கோழிக்கொண்டை போல உயர்ந்த தலையுள்ள ஏமன் பச்சோந்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். பெண்ணுக்கு வெயில்காயும் கிளையை 27 டிகிரிக்கு இறக்கி, தீனியைக் குறைத்தால் ஒரு முறைக்கு இடும் முட்டைகள் குறையும். அதுவும் பொழுதமைப்பில் கழிக்கும் பக்கந்தான். 30 செ.மீ. ஆழத்தில் ஈர மணல் தொட்டி எப்போதும் உள்ளே இருக்க வேண்டும். ஆண் இல்லாவிட்டாலும் முட்டையிடும். பேந்தர், ஏமன் இரண்டு இனமும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், வாங்கும் முன் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் உரிம விவரம் கேட்கும்படி அந்தப் பத்தியின் தலையிலேயே போட்டுவிடுங்கள்.