உதவிக்காரராக இருந்த அப்பாவின் நினைவு மலரை எப்படி எழுதுவது?

ஆத்தங்குடிப் பெண்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா சென்ற ஆவணியில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஆத்தங்குடித் தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, காரைக்குடிப் பக்கத்துச் சிறிய சபையொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் உதவிக்காரராக, அதாவது சபையாரின் தேவைகளைக் கவனிக்கும் டீக்கனாக இருந்தவர். முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் கொடுப்பதற்கு ஒரு சிறு மலர் அச்சிட முடிவு செய்து, எழுதும் பொறுப்பை அண்ணன்மார் என்னிடம் விட்டிருக்கிறார்கள். ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு பகுதியும் ‘சபை ஊழியர்’ என்று ஒரு பகுதியும் இருக்க வேண்டும் என்கிறார் சித்தப்பா. என்னால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. சனிக்கிழமை மாலை பட்டறையிலிருந்து வந்ததும், விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் சிவப்புச் சாயச் சிமெண்டைத் தேங்காய் எண்ணெய் போட்டு வெகுநேரம் தேய்த்துக் கழுவுவார். மறுநாள் ஆராதனையில் அப்பம் பகிரும் திருவிருந்துத் தட்டைப் பிடிக்கும் கையில் கறை இருக்கக் கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு. மூட்டுவாதத்தால் அம்மாவுக்கு விரல் மடங்காமல் போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டதும் அந்தக் கைதான்.

ஒரு மனக்குறையும் உண்டு. பள்ளி ஆண்டு விழாவில் நான் பரிசு வாங்கிய அன்று, சபையில் ஒருவர் இறந்துபோனதால், அப்பா குழி வெட்ட ஆள் சேர்க்கப் போய்விட்டார். அதை மலரில் எழுதலாமா?

தேவகோட்டை வேதபாட ஆசிரியை:
அம்மா, உங்கள் துக்கத்தில் பங்குகொள்கிறேன். பிரிக்க முடியவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பது சரியே. வேதமும் அவற்றைப் பிரிக்கவில்லை. உதவிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளையும் சொந்தக் குடும்பங்களையும் நன்றாய் நடத்துகிறவர்களாயிருக்க வேண்டும் என்று 1 தீமோத்தேயு 3:12 சொல்கிறது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், விதவைகள் கவனிக்கப்படவில்லை என்ற முறுமுறுப்பு எழுந்தபோதுதான் அதைக் கவனிக்க ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வரும் சொல் ‘பந்திவிசாரணை’. இந்தச் சொல்லை நம் செட்டிநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாண வீட்டில் ஒவ்வோர் இலையாகப் பார்த்து, எவருக்கு எது வரவில்லை என்று கேட்டு, எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருகிறவரை நாம் அறிவோம். அந்த ஏழு பேரில், கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் மரணத்தையே எல்லாரும் பேசுகிறோம். எனக்கோ பிலிப்புவைத்தான் மிகவும் பிடிக்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 21ஆம் அதிகாரத்தில், செசரியாவில் அவருடைய வீட்டில் பவுல் தங்குகிறார். அங்கே அவருடைய நான்கு குமாரத்திகளும் தீர்க்கதரிசனம் சொல்லுகிறவர்களாக இருக்கிறார்கள். உதவிக்காரர் ஒருவருடைய வீட்டின் உள்ளே நாம் எட்டிப் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. மலரில் ஒரு வசனம் போடுவதானால் அந்தப் பகுதியைப் பாருங்கள்.

சிவகங்கை வாசகர்:
நான் கத்தோலிக்கன். எங்களில் இப்பணிக்குத் திருத்தொண்டர் என்று பெயர். அது ஒரு திருநிலைப்பாடு, அதாவது திருச்சடங்கின் வழியாகத் திருப்பணிக்கு ஏற்படுத்தப்படும் நிலை. மணமானவர்களும் நிரந்தரத் திருத்தொண்டராகலாம் என்ற வழக்கத்தைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் மீண்டும் கொண்டுவந்தார். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையிலோ டீக்கன் என்பது குருவானவராவதற்கு முந்தைய படி. உங்கள் அப்பா பட்டறை வேலையை விடாமல் சபை மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்பதை ஒரு வரியில் தெளிவாக எழுதிவிடுங்கள். பிற சபையார் தவறாக விளங்கிக்கொள்ள மாட்டார்கள். தேதிகளை நினைவிலிருந்து எழுதாமல் சபைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்க்காரர்:
எங்கள் ஐயாவுக்கு மலர் போட்டபோது அவர் வகித்த பொறுப்புகளை மூன்று பக்கத்துக்கு அடுக்கினோம். பேரப்பிள்ளைகள் ஒருவரும் படிக்கவில்லை. அச்சான பிறகு, பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர், தமக்குக் கண் புரை எடுத்தபோது ஐயா இரண்டு மாதம் தினமும் வந்து செய்தித்தாள் படித்துக் காட்டியதைச் சொன்னார். எங்கள் வீட்டில் எவருக்கும் அது தெரியாது. மலரிலும் சேர்க்க முடியாமல் போயிற்று. ஆகவே எழுதுவதற்கு முன் சபையில் உள்ள விதவைகளையும் வயதானவர்களையும் போய்க் கேளுங்கள், குறிப்பாக அன்று இறந்தவருடைய வீட்டாரை. மனக்குறையை மறைக்காதீர்கள், மகள் ஏங்கும் அளவுக்கு நேசித்த தகப்பன் என்பது அதிலிருந்துதான் தெரியும்.

ஆத்தங்குடிப் பெண்:
மூவருக்கும் மிக்க நன்றி. பள்ளத்தூர் ஐயா சொன்னபடி அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். குழி வெட்டியவர்களுக்குக் கொடுக்க அவர்களிடம் அன்று பணமில்லாததால், அப்பா தம் வாரக் கூலியிலிருந்து கொடுத்துவிட்டு, ஒருபோதும் திரும்பக் கேட்கவில்லை என்று அந்த அக்கா சொன்னார். அந்த வாரம் எங்கள் வீட்டில் கறி எடுக்கவில்லை என்பது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. காரணம் இப்போதுதான் தெரிகிறது. வீட்டுக்கு வந்து அந்தப் பரிசுப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அன்றிரவு தாமதமாக வந்தவர், சாப்பிடுவதற்கு முன்பே பழுப்புத் தாளில் அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தார். தாளின் உள்மடிப்பில் சிவப்புச் சாயத்தில் அவருடைய பெருவிரல் பதிந்திருக்கிறது. அதைப் படமெடுத்து மலரின் முதல் பக்கத்தில் போடுகிறோம், அண்ணன்மார் சம்மதித்துவிட்டார்கள். பொறுப்புகளின் பட்டியல் கடைசிப் பக்கத்திலாவது வர வேண்டும் என்று சித்தப்பா கேட்கிறார். அதையும் சேர்க்கிறோம்.