நடுவயதில் வேலையை விட்டு வெளிநாட்டுச் சமையல் பள்ளிக்குப் போனவங்க, இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்க

பேரேடு

வங்கி வேலை, விருப்ப ஓய்வு, பாரிஸ், ஒன்பது மாத டிப்ளமோ. "இந்த வயசுல எதுக்கு?" கதையெல்லாம் இங்க இருக்கிற எல்லாருக்கும் அத்துப்படி. நேரா விஷயத்துக்கு வரேன்.

கன்று எலும்பு ஸ்டாக், அதாவது எலும்புச் சாறு, வடிக்கிற நாள். வறுத்த எலும்பு, மணிக்கணக்கா கொதி வராம மெல்லச் சலசலக்க விட்டாச்சு, நுரை எடுத்தாச்சு. பெரிய பானை. ரெண்டு கைப்பிடியிலும் துணியைச் சுத்திப் பிடிச்சு, தூக்கப் போறேன். பக்கத்து மேடையில இருந்த பையன், என் மகனைவிடச் சின்னவன், வந்து என் கை மேலேயே கை வெச்சுப் பானையை வாங்கிட்டான். ஒரு வார்த்தை பேசல. வடிச்சு முடிச்சு, காலிப் பானையை என் மேடையில வெச்சுட்டு அவன் வேலையைப் பார்க்கப் போயிட்டான். செஃப் பார்த்துட்டுத்தான் இருந்தார்.

அதுக்கப்புறம் கனமான வேலை எதுவும் என் பக்கம் வரவே இல்லை. மீன் செதில் எடுக்கிறது, கீரைத்தழை ஆயறது, தட்டு ஓரம் துடைக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்கு வேண்டாம்னு காலம் பூரா தீர்மானிச்சவன் நான். என்னைப் பத்தி அங்க ஒரு தீர்மானம் ஆச்சு, என்னை யாரும் கேக்கல.

காரமிளகு

நான் சைவம். "அப்ப எதுக்கு அங்க போனே"ன்னு ஆரம்பிக்காதீங்க. சேரும்போதே சொல்லிட்டேன்: வெட்டுவேன், சமைப்பேன், கறி வகைகளை ருசி மட்டும் பார்க்க மாட்டேன்னு. சரின்னாங்க. அதுக்கு முன்னாடி வக்கீலா இருந்தவ, அதனால அந்தச் சரியை மின்னஞ்சல்லயும் வாங்கி வெச்சுக்கிட்டேன்.

லண்டன். ஆட்டுக்கறி, அதோட ஒரு சாஸ். வறுத்த சட்டியில ஒயின் ஊத்தி அடியைச் சுரண்டி, ஸ்டாக் சேர்த்துச் சுண்ட வைக்கணும். சுண்டச் சுண்ட உப்பு ஏறும், அதனால கடைசியிலதான் உப்புப் பார்க்கணும். பக்கத்து மேடைப் பையன் என் சாஸை ருசி பார்த்து, "இன்னும் கொஞ்சம்"னான். போட்டேன். மறுபடி பார்த்தான், தலையாட்டினான்.

செஃப் முதல்ல அவன் தட்டுக்குப் போனார். அப்புறம் என் தட்டு. ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு, என்னைப் பார்க்காம அவன் பக்கம் திரும்பி, "இதுவும் உன் உப்புதானே"ன்னார்.

மார்க் குறையல. குறைஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேன், கையில மின்னஞ்சல் இருந்துச்சு. குறைக்காம விட்டாரே, அதுதான் என்னைக் குடையுது.

மூணாவது பர்னர்

பேரேடு சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது 20 லிட்டர் பானைன்னு வெச்சுக்கிட்டா, எலும்பும் பாத்திரமும் சேர்த்து 25 கிலோவைத் தாண்டும். கையில கொதிக்கிற சாறு, காலடியில ஈரத் தரை. ஒழுங்கான எந்தக் கிச்சன்லயும் அதைத் தனியாளா தூக்க விட மாட்டாங்க, வயசு 20 ஆனாலும் சரி. அந்தப் பையன் உங்களைத் தடுத்தது சரி, அவன் தனியா தூக்கினதுதான் தப்பு. இதுல மனசு புண்பட என்ன இருக்கு?

என் கதை சின்னது. மென்பொருள் வேலையை விட்டு 41 வயசுல போனேன். படிப்பு முடிச்சுப் பயிற்சிக்குப் போன உணவகத்துல முதல் ராத்திரி, ஆர்டர் சீட்டு அடிக்கிற மெஷின் நிக்காம ஓடுச்சு. காகிதம் நீண்டு நீண்டு தரையைத் தொட்டுச்சு. நான் அதையே பார்த்துட்டு நின்னேன். இன்னிக்கும் எந்தக் கடையில பில் மெஷின் ஓடினாலும் வயித்தைக் கலக்கும். அவ்வளவுதான்.

இனிமே போக நினைக்கிறவங்க கொஞ்சம் கேட்டுக்கோங்க. முதல்ல, சமையல் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்க அம்மா ஜூலியா சைல்டை உதாரணமா இழுக்கிறதை நிறுத்துங்க. 1949-ல பாரிஸ்ல லெ கோர்டான் ப்ளூ சமையல் பள்ளியில சேரும்போது அவங்களுக்கு 37 வயசு, உண்மைதான். ஆனா கணவருக்குப் பாரிஸ்ல அமெரிக்க அரசு வேலை, அந்தச் சம்பளத்துல வீடு ஓடிச்சு. கூடப் படிச்ச முன்னாள் ராணுவத்தினருக்கு அவங்க அரசாங்கமே ஃபீஸ் கட்டிச்சு. அப்படியிருந்தும் இறுதித் தேர்வுல முதல் தடவை ஃபெயில். பேர் வாங்கித் தந்த புத்தகம் 1961-லதான் வெளிவந்துச்சு. நடுவுல எத்தனை வருஷம்னு கழிச்சுப் பாருங்க, அத்தனை வருஷத்துக்கு உங்க கையில பணம் இருக்கான்னும் பாருங்க.

ரெண்டாவது, பகுதிநேர வேலை செஞ்சு சமாளிச்சுக்கலாம்னு சொல்றவங்களை நம்பாதீங்க. பிரான்ஸ் மாணவர் விசாவுல வருஷத்துக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியாவுல வகுப்பு நடக்கிற காலத்துல ரெண்டு வாரத்துக்கு 48 மணி. பிரிட்டன்ல பட்டப்படிப்புக்குக் கீழான படிப்புன்னா வாரம் 10 மணி, சமையல் டிப்ளமோ பலதும் அந்தக் கணக்குலதான் வரும். சில குறுகிய படிப்புக்குக் கிடைக்கிற விசாவுல வேலையே செய்யக் கூடாது. பள்ளிக்காரங்க விளம்பரத்துல இதெல்லாம் கடைசிப் பக்கத்துல இருக்கும்.

மூணாவது, நேரா பெரிய டிப்ளமோவுல போய் விழ வேண்டாம். அயர்லாந்துல பாலிமலூ பள்ளி இருக்கு, 1983-லிருந்து நடக்குது, பண்ணைக்கு நடுவுல 12 வாரப் படிப்பு. அந்த மாதிரி ஒண்ணுல உடம்பு தாங்குதான்னு பார்த்துக்கலாம். அதைவிடச் சுலபமான வழி, இருக்கிற ஊர்லயே ஏதாவது ஒரு உணவகத்துல சனி, ஞாயிறு வெங்காயம் நறுக்கிக் கொடுக்கிறது. ஆபீஸ் நாற்காலியில தேய்ஞ்ச முதுகு என்ன சொல்லுதுன்னு ஒரே மாசத்துல தெரிஞ்சுடும். பிரான்ஸ்லயே தங்கி வேலை பார்க்கிற எண்ணமிருந்தா சி.ஏ.பி. தேர்வு எழுதுங்க. அரசாங்கத் தேர்வு, பெரியவங்க தனித்தேர்வராவும் எழுதலாம், எல்லாம் பிரெஞ்சுலதான். அங்க கிச்சன் நடத்துறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச சான்றிதழ் அது.

ஷூ பத்தித் தனியா எழுதணும், இன்னொரு நாள்.

பேரேடு

பர்னர் தம்பி, எடையைப் பத்தி நான் எழுதவே இல்லையே. "வாங்க, ரெண்டு பேரும் பிடிக்கலாம்"னு அந்தப் பையன் சொல்லியிருந்தா நான் இதை எழுதவே போறதில்லை. பாதுகாப்பு விதியை எனக்கும் முதல் நாளே படிச்சுக் காட்டினாங்க, கையெழுத்தும் வாங்கினாங்க.

பட்டமளிப்பு அன்னிக்கு அவன்கிட்டயே கேட்டேன். "எந்தப் பானை?"ன்னான். சத்தியமா அவனுக்கு ஞாபகமே இல்லை.

வாசல்விளக்கு

நான் போகல, என் மனைவி போனாங்க. பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுட்டு. வீட்டுல நானும் பையனும்.

வாரக் கடைசியில வீடியோ கால். அன்னிக்கு அவங்க உருளைக்கிழங்கு செதுக்கிப் பழகிட்டு இருந்தாங்க. 'தூர்னே' தெரியும்ல உங்களுக்கு, சின்னப் பீப்பாய் வடிவம், ஏழு பக்கம், எல்லாம் ஒரே அளவு. தேர்வு பக்கத்துல வந்துடுச்சு. போனைச் சுவத்துல சாய்ச்சு வெச்சுட்டு குனிஞ்ச தலை நிமிரல. பையன் பள்ளிக்கூடத்துல நடந்த ஒரு சண்டையைப் பத்திச் சொல்லிட்டு வந்தான், சொல்லும்போதே குரல் உடைஞ்சுது. அவங்க கத்தியை நிறுத்தாம, "ஒரு நிமிஷம் கண்ணா, அஞ்சாவது பக்கத்துல இருக்கேன்"னாங்க.

பையன் ஒரு நிமிஷம் காத்திருந்தான். ஏழும் முடிச்சுட்டு நிமிர்ந்து, "ம், சொல்லு"ன்னாங்க. "ஒண்ணுமில்லை"ன்னுட்டான்.

அவங்க மேல தப்பு சொல்ல வரல. நானும் ஆபீஸ் லேப்டாப்பை மூடாம அவனுக்கு எத்தனையோ தடவை "ஒரு நிமிஷம்" சொல்லியிருக்கேன், அப்பல்லாம் எனக்கு உறுத்தவே இல்லை. அவங்க சொன்னப்ப மட்டும் ஏன் உறுத்துச்சு? யாராவது விளக்கினா கேட்டுக்கிறேன்.

மூணாவது பர்னர்

வாசல்விளக்கு, நீங்க கேட்டதுக்கான பதில் உங்க கேள்விக்குள்ளயே இருக்கு. இருந்தாலும் கால் நேரத்தைத் தேர்வு வாரத்துல மாத்தி வெச்சிருக்கலாம். நேர வித்தியாசத்துக்கு ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிடுங்க.

காரமிளகு மேடம், இப்பல்லாம் லெ கோர்டான் ப்ளூவோட லண்டன் பள்ளியிலயே முழுக்கத் தாவர உணவுக்குன்னு தனி டிப்ளமோ இருக்கு. அதுல சேர்ந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

காரமிளகு

எனக்கு சாஸ் கத்துக்கணும்னு இருந்துச்சு. அதனால அங்க சேர்ந்தேன். நன்றி.

வெண்ணெய்க்கை

பேஸ்ட்ரி. 49 வயசு. நர்ஸ் வேலையை விட்டுட்டு. இதை எங்கேயும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை, அதனால நான் எழுதறேன்.

பஃப் பேஸ்ட்ரி. மாவுக்குள்ள வெண்ணெயை வெச்சு மூடி, உருட்டி, மூணா மடிக்கணும், ஆறு தடவை. கணக்குப்படி 729 அடுக்கு. வெண்ணெய் வளையணும், ஆனா உருகக் கூடாது. 15 டிகிரிக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டாதான் வழிக்கு வரும். கொஞ்சம் சூடானாலும் மாவுக்குள்ள கலந்துடும், அடுக்கெல்லாம் போச்சு. அதனாலதான் பளிங்குக் கல்லுல, குளிர்ந்த அறையில செய்யச் சொல்றாங்க.

நாலாவது மடிப்பு. எனக்கு மெனோபாஸ் சூடு கிளம்பிடுச்சு. கழுத்துல ஆரம்பிச்சு முகம், அங்கிருந்து உள்ளங்கை வரைக்கும். அனுபவப்பட்டவங்களுக்குத் தெரியும், அது சொல்லிட்டு வராது. என் விரல் பட்ட இடத்துல எல்லாம் மாவு பளபளன்னு ஆகுது. இருபது வயசுப் பசங்க வரிசையா கட்டை உருட்டிட்டு இருக்காங்க. நெத்தியில இருந்து ஒரு சொட்டு வியர்வை கல்லுல விழுந்துச்சு. அதை மறைக்கக் கையை மேல வெச்சேன்.

பேஸ்ட்ரி செஃப் ஒரு அம்மா, என்னைவிடப் பத்து வயசாவது மூத்தவங்க இருப்பாங்க. பக்கத்துல வந்தாங்க, என் மாவைத் தட்டோட எடுத்தாங்க, "நீயும் வா"ன்னு பெரிய குளிர் அறைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டாங்க. மாவு ஒரு அடுக்குல, நான் பால் டப்பா மேல. அவங்க எதிர்ல நின்னு சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கிற மாதிரி பேனாவை ஓட்டிட்டே, "எனக்கு அஞ்சு வருஷம் இருந்துச்சு"ன்னாங்க. அப்புறம் கிரீம் எத்தனை லிட்டர் இருக்குன்னு என்னை எண்ணச் சொன்னாங்க.

அன்னிக்கு என் மாவு நல்லா எழும்பல. பாஸ் மார்க் போட்டாங்க. சலுகையா நியாயமான்னு கேக்க வாய் வரல.

மூணாவது பர்னர்

கை சூட்டுக்கு ஐஸ் தண்ணியில மணிக்கட்டு வரைக்கும் முக்கி எடுத்துட்டுத் தொடலாமே? பக்கத்துலயே ஒரு கிண்ணம் வெச்சுக்கிட்டா போதும். அப்புறம், வெண்ணெய்க் கட்டியை முந்தின நாளே தட்டி…

வெண்ணெய்க்கை

தம்பி, ஈரக் கையில மாவு ஒட்டும். துடைச்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த சூடு வந்துடும். உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க.

புதுத்தட்டு

வெண்ணெய்க்கை அக்கா, எனக்கு 47. பேஸ்ட்ரிக்குத்தான் அட்மிஷன் கிடைச்சிருக்கு, சீக்கிரம் கிளம்பணும். முன்கூட்டியே பள்ளியில சொல்லி வைக்கலாமா, இல்லை சொன்னா வேற மாதிரி பார்ப்பாங்களா? பேரேடு அண்ணன் எழுதினதைப் படிச்சதுல இருந்து பயமா இருக்கு.

வெண்ணெய்க்கை

காரணம் சொல்ல வேண்டாம்மா. ஓவனுக்குத் தள்ளி, குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்து மேடையைக் கேளு. முதல் நாளே கேளு, இடம் ஒதுக்கிட்டா அப்புறம் மாத்த மாட்டாங்க. கழுத்துல கட்டுற துணி ரெண்டு கூடுதலா எடுத்துட்டுப் போ. பானை தூக்க வேண்டியிருந்தா நீயே இன்னொரு ஆளைக் கூப்பிட்டுடு, அவங்களா வர்றதுக்கு முன்னாடி.